மூன்று லட்ச ரூபாய்க் கிதார்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறிவரும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்த இருபதையும் தலைசுற்றலோடு கடந்து வந்து சேருகிறவர்களில் பெரும்பாலோர் ஏரியில் படகு விடுவதற்கும், சேர்வராயன் கோயில் குகையில் தீபம் பார்ப்பதற்கும், திரும்பும்போது மிளகும் காப்பித் தூளும் வாங்கிப் போவதற்கும் வருகிறவர்கள். சென்ற ஆவணி மாதத்தில் நமது அக்காளின் மகன் வந்த காரியமோ வேறு. அவன் புத்திமதி கேட்பதற்காக வந்தான். இன்னும் சரியாகச் சொன்னால், புத்திமதி கேட்டுக்கொண்டு வரும்படி அனுப்பப்பட்டிருந்தான்.

முதல் நாள் இரவே அக்காள் டெலிபோனில் விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"தம்பி, இவன் மூன்று லட்ச ரூபாய் கொடுத்து ஒரு கிதார் வாங்கப் போகிறானாம். இரண்டு வருஷச் சம்பாத்தியத்தில் மிச்சம் பிடித்த பணம். அவன் பணம்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாமான் அவ்வளவு பெறுமா என்று நீ கொஞ்சம் பார்த்துச் சொல்லு. நீ கணக்கு வாத்தியார் அல்லவா?"

கணக்கு வாத்தியாருக்கும் கிதாருக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் கேட்டிருப்போம். ஆனால் அக்காள் சொல்லாமல் விட்ட இரண்டு விஷயங்கள் நமக்குத் தெரியும். ஒன்று, அம்மாபேட்டையில் அவளுடைய வீட்டுக் கூரை. போன மழைக்கு மூன்று இடங்களில் பாத்திரம் வைத்தார்கள். ஐப்பசி அடைமழைக்கு முன் ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டால் ஒழிய இந்த வருஷம் அண்டாவே வைக்க வேண்டியிருக்கும். பையன் பெங்களூரில் இருக்கிறவன். அவனுக்கு இது தெரியாது. அவனிடம் சொல்லவும் அவளுக்கு மனமில்லை.

இரண்டாவது விஷயம் பழையது. அக்காளுக்குப் பதினான்கு வயதிருக்கும்போது அவளுக்கு வீணை கற்றுக்கொள்ள வேண்டுமென்று ஆசை வந்தது. தெருக்கோடியில் ஒரு பாட்டு டீச்சர் இருந்தார். "இந்தப் பெண்ணுக்கு நல்ல கை" என்று அவரே வீட்டுக்கு வந்து சொன்னார். நெசவாளர் சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நம் தகப்பனார் தஞ்சாவூருக்கு ஒரு கார்டு எழுதிப்போட்டு விலை விசாரித்தார். பதில் வந்தது. அதை இரண்டு முறை படித்துவிட்டு, "அவ்வளவு பெறாது" என்றார். வீணைக்கென்று ஒதுக்கியிருக்கக் கூடிய பணம் பிற்காலத்தில் நமது காலேஜ் சம்பளமாயிற்று. ஆகவே, ஒரு வாத்தியம் எவ்வளவு பெறும் என்ற கேள்வியில் நாம் பட்சபாதமற்ற நீதிபதி அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

பையன் ஈரக் குடையை மடக்கித் தாழ்வாரத்தில் சாத்தினான். காப்பி குடித்து முடிக்குமுன்பே ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, இது சாதாரணக் கிதார் இல்லை. முதுகும் விலாவும் இந்தியன் ரோஸ்வுட்."

"அப்படியென்றால்?"

அவனுக்குத் தெரியவில்லை. நாம் உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தட்டிக் காட்டினோம். நமது பாட்டனார் காலத்துப் பெஞ்சு, ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் நமது தென்னாட்டு மலைக் காடுகளிலும் வளர்வது. இழைத்தால் கறுப்பும் ஊதாவுமாகக் கோடு ஓடும். கட்டிலும் மேஜையும் கோயில் வாகனமுமாக நம்மவர்கள் உபயோகித்து வந்த மரம். இந்த மரம் எப்படி அமெரிக்கக் கிதாரின் முதுகாயிற்று என்பது ஒரு சுவாரஸ்யமான கதை.

பென்ஸில்வேனியாவில் நாஜரெத் என்ற ஊரில் மார்ட்டின் கம்பெனி இருக்கிறது. 1833-ல் நியூயார்க்கில் ஆரம்பித்து, 1839-ல் அந்த ஊருக்குக் குடிபெயர்ந்த கம்பெனி. நல்ல கிதார்களுக்கு அவர்கள் வெகுகாலம் பிரேஸில் தேசத்து ஈட்டி மரத்தையே உபயோகித்து வந்தார்கள். பிரேஸில் தன் காட்டு மரங்களை முழுக்கட்டையாக வெளியே அனுப்புவதற்குத் தடை போடவே, 1969-ல் இந்திய ஈட்டிக்கு மாறினார்கள். மற்றக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. அன்று வேறு வழியில்லாமல் பிடித்துக்கொண்ட மாற்றுச் சரக்குத்தான் இன்று உயர்ந்த கிதாரின் லட்சணமாகக் கொண்டாடப்படுகிறது! பிரேஸில் மரம் 1992-ல் சர்வதேச வியாபாரத்திலிருந்தே ஏறக்குறைய விலக்கப்பட்டுவிட்டது. நமது ஈட்டிக்கும் அந்தக் கதி வந்துவிடுமோ என்ற பயத்தில் 2017-ஆம் வருஷம் ஜனவரியில் அந்தக் குடும்பத்து மரங்கள் அனைத்தையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். கிதாரோடு தேசம் விட்டுத் தேசம் போகும் வித்வான்கள் பெட்டிக்குள் தந்தியோடு காகிதக் கட்டும் வைத்துக்கொள்ள வேண்டுமோ என்று கவலைப்பட்டார்கள். 2019-ல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது.

நமது பருத்தி மான்செஸ்டருக்குப் போய் மல் வேஷ்டியாகத் திரும்பி வந்த கதையை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கஞ்சமலை இரும்பை உருக்கிச் சீமைக்கு அனுப்புவதற்காக ஹீத் துரை 1830-களில் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்த கதை சேலத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். இப்போது ஈட்டி மரம் கப்பலேறிப் போய், தந்தி கட்டிக்கொண்டு, மூன்று லட்ச ரூபாய்ச் சீட்டோடு திரும்பி வருகிறது. இதில் ஆத்திரப்படுவதற்கு அவ்வளவாக ஒன்றுமில்லை. மரத்தை விற்றவர்கள் நாம். அதிலிருந்து கிதார் செய்யும் கையை வளர்த்துக்கொண்டவர்கள் அவர்கள். ஆனால் மரத்துக்காகத்தான் விலை கொடுக்கிறோம் என்று பையன் நினைத்தானே, அதை மட்டும் விசாரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

கிதார்த் தந்தி தனியாக நின்றால் கொசு ரீங்காரத்துக்குமேல் சப்தம் போடாது. வீணையில் போலவே தந்தியின் துடிப்பு குதிரை வழியாகப் பலகைக்கு இறங்குகிறது. பலகை காற்றை அசைக்கிறது. அப்போதுதான் நமது காதுக்கு நாதம் எட்டுகிறது. வேலையில் பெரும்பங்கு மேல்பலகையுடையது. ஸ்பெயின் தேசத்தில் அந்தோனியோ தெ டோரெஸ் என்ற சிற்பி இருந்தார். இன்றைய கிதாரின் உருவத்தை நிலைநிறுத்தியவர் அவர்தான். அவர் 1862-ல் ஒரு வேடிக்கை செய்தார். மேலே நல்ல பலகையும், முதுகுக்கும் விலாவுக்கும் காகிதக் கூழ் அட்டையும் வைத்து ஒரு கிதாரைச் செய்து காட்டினார். அது பார்ஸிலோனாவில் காட்சிசாலையில் இன்னும் இருக்கிறது.

டோரெஸ் வேடிக்கையாகக் காட்டியதை இங்கிலாந்தில் முறையாகவே சோதித்துப் பார்த்தார்கள். ஒரே சிற்பியைக் கொண்டு ஆறு கிதார்கள் செய்வித்தார்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே வேலைப்பாடு. முதுகு, விலா மரம் மட்டும் வேறு வேறு. பிரேஸில் ஈட்டி, இந்திய ஈட்டி, மஹோகனி, மேப்பிள், வால்நட், ஸபேலி. 52 கிதார் வாசிப்பவர்களை அழைத்து, மரம் இன்னதென்று கண்ணுக்குத் தெரியாதபடி செய்து, ஒவ்வொன்றையும் வாசித்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். 2018-ல் முடிவு வெளியாயிற்று. ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்! விலையுயர்ந்த மரத்துக்குத் தனி மரியாதை கிடைக்கவில்லை.

பிடில் விஷயத்திலும் இப்படியே. 2010-ல் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் 21 பிடில் வித்வான்களிடம் ஆறு பிடில்களைக் கண்ணை மறைத்துக் கொடுத்தார்கள். மூன்று புதியவை, மூன்று ஸ்ட்ராடிவாரியும் குவார்னேரியும் செய்த பழம்பெரும் வாத்தியங்கள். எதை வீட்டுக்கு எடுத்துப் போக விரும்புகிறீர்கள் என்று கேட்டதற்கு 13 பேர் புதியதையே காட்டினார்கள். எல்லாவற்றிலும் குறைவாகப் பிடித்தது ஒரு ஸ்ட்ராடிவாரியாம்.

இதையெல்லாம் நாம் சொல்லி முடித்ததும் வெற்றிப் புன்னகையோடு பையனைப் பார்த்தோம். அவன் அசையவில்லை.

"அவர்கள் காதும் என் காதும் ஒன்றா, மாமா?" என்றான்.

நியாயமான கேள்வி. கணக்கு வாத்தியாருக்கு அது சவாலாகவும் பட்டது. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. பையன் தன்னுடைய பழைய கிதாரைக் கொண்டு வந்திருந்தான். காலேஜில் சேர்ந்தபோது எட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கியது. உடம்பு முழுதும் ஒட்டுப்பலகை. நமது பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியாரிடம் நாற்பதாயிரம் ரூபாய்க் கிதார் ஒன்று இருந்தது. அதன் மேல்பலகை மட்டும் முழு மரம். மூன்றாவதுதான் முக்கியம். நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டக்காரர் ஒருவரிடம் பையன் விரும்பிய ரகத்திலேயே ஒரு கிதார் இருந்தது. அவர் பெருந்தன்மையோடு அதைக் காரில் ஏற்றி, தாமும் கூடவே ஏறிக்கொண்டு வந்து சேர்ந்தார். கிதாரை விட்டு ஓர் அடி தூரம் அவர் நகரவில்லை.

முதலில் நமது துண்டால் பையனின் கண்ணைக் கட்டி மூன்றையும் வாசிக்கச் சொன்னோம். தொட்டவுடனேயே எது எது என்று சொல்லிவிட்டான். கழுத்தின் பருமனும் மெட்டுகளின் வழவழப்பும் விரலுக்குத் தெரிந்துவிடுகிறதே! ஆகவே இரண்டாம் சோதனையில் பாட்டு வாத்தியாரை வாசிக்கச் சொல்லிவிட்டு, நாம் எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம். எந்த வரிசையில் வாசிப்பது என்பதைத் தாயக்கட்டையை உருட்டித் தீர்மானித்தோம். நம்முடைய மனைவி காகிதத்தில் குறித்துக்கொண்டாள்.

ஒட்டுப்பலகைக் கிதாரை நாமே கண்டுபிடித்தோம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அது கள்ளிப்பெட்டி மாதிரி ஒலித்தது. நாற்பதாயிரத்துக்கும் மூன்று லட்சத்துக்கும் இடையில்தான் போட்டி. பன்னிரண்டு தடவை வாசித்ததில் பையன் ஏழு தடவை சரியாகச் சொன்னான். தோட்டக்காரர் தம்முடைய சொந்தக் கிதாரை ஐந்து தடவைதான் அடையாளம் கண்டார். பூவா தலையா போட்டிருந்தாலும் ஆறு வந்திருக்கும். அந்த மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆனால் என் மடியில் இருக்கும்போது அது வேறே ஸார்" என்று சொன்னார். அதை நாம் அலட்சியமாகத் தள்ளிவிட விரும்பவில்லை. கேட்பவனுக்குக் கிடைக்காத ஒன்று வாசிப்பவனுக்குக் கிடைக்கலாம். கை வலிக்காமல் இரண்டு மணி நேரம் உட்காரச் செய்கிற வாத்தியம், உட்கார விடாத வாத்தியத்தைவிட அதிகம் பெறத்தான் செய்யும்.

இங்கே நமது தேசத்து உதாரணங்களே இரண்டு பக்கமும் பேசுகின்றன. புல்லாங்குழல் மாலி கையில் இருந்தது மூங்கில் துண்டு. மூங்கிலுக்கு என்ன விலை? மாண்டலின் ஸ்ரீநிவாஸோ சாதாரண மாண்டலினை வைத்துக்கொண்டு திருப்தியடைந்திருக்க முடியாது. கமகம் நிற்பதற்குத் தந்தி நீள ஒலிக்க வேண்டும். அதனால் மின்சார மாண்டலினைத் தமக்கு ஏற்றபடி ஐந்து தந்தியாக அமைத்துக்கொண்டார். வாத்தியம் இடம் கொடுக்காவிட்டால் வித்தை முட்டிக்கொண்டு நிற்கும். எந்த இடத்தில் முட்டுகிறது என்பதுதான் கேள்வி. எவ்வளவு விலை என்பது அப்புறம்.

பையனின் பழைய கிதார் எங்கே முட்டுகிறது என்று பாட்டு வாத்தியார் எடுத்துப் பார்த்தார். பன்னிரண்டாவது மெட்டின் மேல் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கித் தந்திக்கு அடியில் நுழைத்தார். அப்படியும் இடம் மிஞ்சியது. "இதை அழுத்தி அழுத்தியே தம்பிக்கு விரல் காய்த்திருக்கும். அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதியும் ஏறிவிடும்" என்றார். குதிரையிலிருந்த எலும்புச் சில்லை உருவி, உப்புத்தாளில் அரைமணி நேரம் தேய்த்தார். தந்திகளை மாற்றினார். செலவு அறுநூறு ரூபாய்க்குள். அதன் பிறகு பையன் வாசித்ததை நாம் சுவரைப் பார்க்காமலே கேட்டோம். கள்ளிப்பெட்டி கள்ளிப்பெட்டிதான், ஆனால் சுருதி சேர்ந்த கள்ளிப்பெட்டி. பையனுடைய முகம் மாறிவிட்டது. ஐந்து வருஷமாக இதை யாரும் நமக்குச் சொல்லவில்லையே என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

தோட்டக்காரர் கிளம்பும்போது ஓர் உண்மையைச் சொல்லிவிட்டுப் போனார். முழு மரக் கிதாருக்குக் காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 45-லிருந்து 55 வரை இருப்பது நல்லது என்று செய்கிறவர்கள் சொல்கிறார்கள். ஏற்காட்டில் மழைக்காலத்து மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து உட்காருகிறது. மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், மேல்பலகை வயிறு வைக்கும், தந்தி உயரும். அதையே சித்திரை மாதத்தில் முப்பது கிலோமீட்டர் கீழே இறக்கிச் சேலத்து வெயிலில் வைத்தால் மரம் சுருங்கும், வெடித்தாலும் வெடிக்கும். ஆகவே அவர் தம் கிதாரைப் பெட்டியை விட்டு எடுப்பதில்லை. பெட்டிக்குள் ஈரமானி வைத்திருக்கிறார். "வாசிப்பதைவிட அதைப் பார்ப்பதுதான் அதிகம்" என்று சிரித்தார். ஒட்டுப்பலகைக்கு இந்த நோய் அவ்வளவு இல்லை. ஏழைக்கு ஜலதோஷம் பிடிப்பதில்லை என்பார்களே, அதுபோல.

அன்று ராத்திரி பையன் இன்னொரு வாதத்தை எடுத்தான். நல்ல கிதாருக்கு வருஷம் ஆக ஆக விலை ஏறுமாம். ஏறியவை உண்டு, 1930-களில் செய்து இன்று எஞ்சியிருக்கும் சில கிதார்கள் பெரும் விலைக்குப் போகின்றன. எஞ்சியவை சிலவாக இருப்பதனால்தான் அந்த விலை. ஆலையிலிருந்து இன்று ஆயிரக்கணக்காக வெளிவரும் கிதார், கடைவாசலைத் தாண்டியதும் பழைய சாமான். இதை நாம் அதிகம் வளர்க்கவில்லை. முதல் போடுகிறவன் தபாலாபீஸுக்குப் போகலாம்.

பிறகு, அவன் கேட்காததையும் சொல்லிவிட்டோம். கூரையைப் பற்றிச் சொன்னோம். வீணையைப் பற்றியும் சொன்னோம். கூரையைச் சொன்னது சரிதானா என்று இன்னும் நமக்குச் சந்தேகம் இருக்கிறது. அது அக்காளுடைய ரகசியம். ஆனால் வீட்டில் என்ன ஒழுகுகிறது என்று தெரியாமல் ஒருவன் எப்படிக் கணக்குப் போடுவான்? கணக்கில் ஒரு ராசியை மறைத்துவிட்டு விடையைக் கேட்பது முறையல்ல. பையன் வெகுநேரம் பேசவில்லை. வெளியே சில்வர் ஓக் மரங்களிலிருந்து மழைத்துளி தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மாவுக்கு வீணை வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியாது. அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்" என்றோம்.

காலையில் அவன் பஸ் ஏறுமுன் அக்காளுக்கு டெலிபோன் செய்து நமது தீர்ப்பைச் சொன்னோம். நாற்பது, ஐம்பதாயிரம் வரை கொடுக்கும் பணம் காதுக்கும் விரலுக்கும் தெரிகிறது. அதற்குமேல் கொடுப்பது மரத்தின் அழகுக்கும் பெயருக்கும் செய்தவன் கைக்கும். அவற்றுக்கும் விலை உண்டு, ஆனால் அதை அவரவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்றோம். அக்காள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவனுக்கு ரொம்ப ஆசையாயிருந்தால் மூன்று லட்சத்துக்கே வாங்கிக்கொள்ளட்டும், தம்பி" என்றாள். ஒரு நாள் முழுதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து செய்த நமது ஆராய்ச்சிக்கு இதுதான் கிடைத்த மரியாதை!

பையன் நாற்பத்தெட்டாயிரத்துக்கு ஒன்று வாங்கினான். ஐப்பசிக்கு முன் தளமும் போட்டாயிற்று. பழைய கிதாரை அவன் அம்மாபேட்டையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

போன வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அக்காள் கூப்பிட்டாள். வீட்டு விஷயமாக இருக்குமென்று நினைத்தோம். "தம்பி, இந்தக் கிதாரில் 'ஸ' எங்கே இருக்கிறது?" என்றாள். நமக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் பாட்டு வாத்தியாரை எழுப்பிக் கேட்டோம். எந்தத் தந்தியில் எந்த மெட்டில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாமாம்.